பீச் கல்யாணத்துல பத்து மணிக்கு மேல டீஜே ஓடுனா போலீஸ்கிட்ட எப்படி சொல்றது, அவங்க என்ன பண்ணுவாங்க, என்ன பண்ணணும்

ஈசிஆர்ல, அதாவது சென்னைலேர்ந்து பாண்டிச்சேரிக்குப் போற கிழக்குக் கடற்கரைச் சாலைல, நீலாங்கரைல ஆரம்பிச்சு மாமல்லபுரம் தாண்டி வரைக்கும் கடல ஒட்டி ரிசார்ட்டும் பண்ண வீடும் வரிசையா இருக்கு, அதுக்கு நடுநடுவுல பனையூர், கானத்தூர் ரெட்டிக்குப்பம், கோவளம், நெம்மேலி, பட்டிபுலம், தேவநேரின்னு ஊரும் குப்பமும் இருக்கு. ரிசார்ட்ல கல்யாணம் வச்சவங்களுக்கு அது ஒரு ராத்திரி, பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு முகூர்த்த சீசன் முழுக்க வாரத்துக்கு ரெண்டு மூணு ராத்திரி. அதுலயும் கடலுக்குப் போறவங்க விடியக்காலம் ரெண்டு மூணு மணிக்கு எழுந்திருக்கணும், எட்டு ஒம்போதுக்கே படுத்தாத்தான் தூக்கம். அவங்க வீட்டு ஓட்டுக்கு மேல பதினோரு மணி வரைக்கும் பேஸ் அதிர்ந்துகிட்டு இருந்தா அடுத்த நாள் நடுக்கடல்ல தூக்கக் கலக்கத்தோட வல இழுக்கணும், அது உயிர் சமாச்சாரம். அதனால இத பணக்காரங்க சந்தோஷத்த பாத்து வயித்தெரிச்சல்ல குடுக்குற கம்ப்ளைன்ட்டுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கூச்சப்படாம போன் பண்ணுங்க.

எப்படிப் பண்ணா வேல நடக்கும்னு கீழ எழுதறேன். கல்யாணம் வைக்கறவங்களுக்கும் கடைசில கொஞ்சம் இருக்கு, அவங்களும் படிக்கணும்.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கங்க

ஒலி மாசு விதிகள் 2000ன்னு ஒண்ணு இருக்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986க்குக் கீழ மத்திய அரசு கொண்டுவந்தது, நாடு முழுக்க ஒரே விதி. இதுல ராத்திரின்னா 10 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும். இந்த நேரத்துல திறந்த வெளில ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயர், மேளம், எந்த வாத்தியமா இருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. விதிவிலக்கு மூடுன கட்டடத்துக்கு, அதாவது ஆடிட்டோரியம், கான்ஃபரன்ஸ் ரூம், பேங்க்வெட் ஹால் மாதிரி இடத்துல உள்ளுக்குள்ள கேக்கறதுக்கு மட்டும், அப்பறம் ஏதாவது பொது அவசரம்னா. புல்வெளில பந்தல் போட்டு நாலு பக்கமும் திரை கட்டுனா அது மூடுன கட்டடம் ஆகாது, மணல்ல போட்ட ஸ்டேஜ் சுத்தமா ஆகாது.

பகல்லயும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மைக் செட் வைக்கணும்னாலே எழுத்துல அனுமதி வாங்கணும், அத குடுக்குற அதிகாரம் மாவட்ட கலெக்டர், போலீஸ் கமிஷனர், இல்லன்னா டிஎஸ்பி ரேங்குக்குக் குறையாம அரசு நியமிச்ச அதிகாரிக்குத்தான். மனுவ ஸ்டேஷன்ல குடுக்கலாம், ஆனா ஏட்டு வாயால "சரி வச்சுக்கங்க"ன்னு சொல்றது அனுமதி ஆகாது. சத்தத்த டெசிபல்ங்கற அளவுல அளப்பாங்க, குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. வணிகப் பகுதின்னா 65, 55. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்ட சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்க 50, 40. தனியார் இடத்துல வைக்கற செட்டுன்னா அந்த இடத்தோட எல்லைல நின்னு அளந்தா இந்த அளவ விட 5 டெசிபலுக்கு மேல ஏறக் கூடாது. "இது எங்க சொந்த இடம் சார்"னு ரிசார்ட் மேனேஜர் சொல்ற பதிலுக்கு விதிலயே பதில் இருக்கு, சொந்த இடத்துக்கும் கணக்கு உண்டு.

இப்ப முக்கியமான விஷயம், இத நெறைய பேர் தெரியாம விட்டுடறாங்க. பத்து மணிக்கு மேலன்னா நீங்க டெசிபல நிரூபிக்க வேண்டியதில்ல. விதி 7 என்ன சொல்லுதுன்னா, சத்தம் அளவ விட 10 டெசிபலோ அதுக்கு மேலயோ போனா கம்ப்ளைன்ட் குடுக்கலாம், அல்லது ராத்திரி நேரக் கட்டுப்பாட்ட மீறுனாலே குடுக்கலாம். அந்த "அல்லது"தான் உங்களுக்கு வேணும். 10:05க்கு திறந்த வெளில ஸ்பீக்கர் ஓடுதா, அதுவே மீறல், அது மெல்லிசா ஓடுதா பலமா ஓடுதாங்கறது அப்பறம். "மீட்டர் இல்லாம எப்படி சார் சொல்றது"ன்னு யாராவது கேட்டா இத சொல்லுங்க.

பகல்லயோ சாயங்காலமோ நடக்கற சத்தத்துக்கு அளவு தேவைப்படும். போன்ல டெசிபல் ஆப் போட்டு காட்டலாம், உங்களுக்கு ஒரு அந்தாசு கெடைக்கும், ஆனா கோர்ட்ல அத யாரும் அளவா எடுத்துக்க மாட்டாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறையான மீட்டர் வச்சு எடுக்கறதுதான் நிக்கும்.

சத்தம் ஏன் இவ்ளோ தூரம் வருது

தெரிஞ்சா பேசறதுக்கு உதவும்கறதால சொல்றேன். திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் சத்தம் சுமாரா 6 டெசிபல் குறையும், பத்து மடங்கு தூரத்துக்கு 20 குறையும். ஸ்பீக்கருக்கு 1 மீட்டர்ல 110 இருந்தா 10 மீட்டர்ல 90, 100 மீட்டர்ல 70, 400 மீட்டர்ல கூட கணக்குக்கு 58 வருது, ராத்திரி அளவு 45. இதுக்கு மேல காத்து. தை மாசில வடகிழக்குக் காத்து கடல்லேர்ந்து கரைக்கு அடிக்கும், வெயில் காலத்துல சாயங்காலம் கடக்காத்து, ரெண்டுமே சத்தத்த நேரா ஊருக்குள்ள தள்ளிக்கிட்டு வரும், காத்து போற திசைல சத்தம் தரைய ஒட்டியே வளைஞ்சு வரும். பாட்டோட வரி கேக்காது ஆனா டும் டும்னு நெஞ்சுல அடிக்கும், ஏன்னா பேஸ் சத்தம் சுவத்துக்கு நிக்காது. டெசிபல் மீட்டர்ல 'A'ங்கற அளவுமுறை பேஸ குறைச்சுத்தான் காட்டும், அதனால மீட்டர்ல கம்மியா வந்தாலும் உங்க ஜன்னல் கண்ணாடி அதிர்றது பொய் கெடையாது.

போன் பண்றதுக்கு முன்னாடி

எந்த ராத்திரி சத்தம் வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கறதுக்கு தினசரி காலண்டர் போதும். சுபமுகூர்த்த நாள பாருங்க, அதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் ரிசப்ஷன், சங்கீத், டீஜே எல்லாம். சனி ஞாயிறு சேந்து வந்தா சந்தேகமே வேணாம். அந்த தேதியெல்லாம் எழுதி, எந்தெந்த ரிசார்ட்ங்கறதையும் போட்டு, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டிஎஸ்பிக்கோ அசிஸ்டென்ட் கமிஷனருக்கோ ஊர்க்காரங்க சேந்து ஒரு மனு குடுத்துடுங்க, குப்பமா இருந்தா ஊர் பஞ்சாயத்து பேர்ல, குடியிருப்பா இருந்தா சங்கத்து பேர்ல. ராத்திரி பத்தரைக்கு ஒத்த ஆள் போன் பண்றதுக்கும், ஏற்கனவே மேஜைல இருக்கற மனுவ சொல்லி போன் பண்றதுக்கும் வித்தியாசம் ரொம்ப. ஸ்டேஷன்ல மனு குடுத்தா சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனு வாங்கிக்கிட்டோம்னு நம்பர் போட்டுத் தர்ற ரசீது, கேட்டு வாங்குங்க, கேக்காம யாரும் தர மாட்டாங்க, அந்த நம்பர்தான் பின்னாடி எல்லாத்துக்கும் ஆதாரம்.

உங்க இடம் எந்த ஸ்டேஷன் எல்லைங்கறதையும் பகல்லயே தெரிஞ்சு வச்சுக்கணும். ஈசிஆர்ல வடக்குப் பக்கம் சென்னை கமிஷனர்கிட்ட இருக்கு, நடுவுல தாம்பரம் கமிஷனர், அது 2022 ஜனவரில வந்தது, மாமல்லபுரம் பக்கம் செங்கல்பட்டு மாவட்ட எஸ்பி. ராத்திரில "இது எங்க லிமிட் இல்லைங்க"ன்னு கேக்கறது மாதிரி எரிச்சல் வேற எதுலயும் கெடையாது, அதுவும் உங்க வீடு ஒரு எல்லைல ரிசார்ட் இன்னொரு எல்லைலன்னா. சத்தம் எங்கேர்ந்து வருதோ அந்த எல்லைதான் கணக்கு. ஸ்டேஷன் நம்பர், இன்ஸ்பெக்டர் நம்பர் ரெண்டையும் போன்ல போட்டு வைங்க. பாண்டிச்சேரி எல்லைக்குள்ள போயிட்டா போலீஸ் வேற, ஆனா ஒலி விதி அதேதான்.

அன்னைக்கு ராத்திரி ஒம்போதரை வாக்குல முடிஞ்சா ரிசார்ட் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போடுங்க. "பத்துக்கு நிறுத்திடுவீங்கல்ல, பக்கத்துல சின்னப் புள்ளைங்க, வயசானவங்க இருக்காங்க"ன்னு தன்மையா சொன்னா பாதி எடத்துல வேல முடிஞ்சுடும், முடியலன்னாலும் நீங்க சொன்னதுக்கு ஒரு கால் ரெக்கார்ட் இருக்கும். ஆனா நேர்ல கல்யாணக் கூட்டத்துக்குள்ள போயி சண்ட போடவே கூடாது. குடிச்சவங்க இருப்பாங்க, வார்த்த தடிக்கும், அப்பறம் கேஸு உங்க மேல திரும்பும். தனியா போகாதீங்க, மாப்பிள்ளை வீட்டாரோட பேசாதீங்க, மைக் செட்காரர்கிட்ட போயி ஒயர புடுங்காதீங்க.

பத்து மணி தாண்டுனதும் ஒரு வீடியோ எடுங்க. முப்பது செகண்ட் போதும், வீட்டுச் சுவர் கடிகாரமோ டிவில ஓடற நேரமோ தெரியற மாதிரி ஆரம்பிச்சு அப்படியே ஜன்னல் பக்கம் திருப்புங்க, நடுவுல வெட்டாதீங்க, வாட்ஸப்ல அனுப்புனாலும் ஒரிஜினல் ஃபைல அழிக்காதீங்க. பின்னாடி கோர்ட் வரைக்கும் போச்சுன்னா சாட்சிய சட்டம் 2023ல 63வது பிரிவுப்படி அதுக்கு ஒரு சான்றிதழ் குடுக்க வேண்டி வரும், ஒரிஜினல் கையில இருந்தாத்தான் முடியும்.

போன்ல என்ன பேசணும்

100 இல்லன்னா 112. 'காவல் உதவி' ஆப்பும் இருக்கு, 2022ல தமிழ்நாடு போலீஸ் கொண்டுவந்தது. கன்ட்ரோல் ரூம்ல எடுக்கறவங்க எங்கயோ உக்காந்திருப்பாங்க, உங்க ஏரியா தெரியாது, ஈசிஆர்னு மட்டும் சொன்னா ஒண்ணும் ஆகாது. இப்படிப் பேசலாம்:

"வணக்கம் சார், ஈசிஆர்ல நெம்மேலிலேர்ந்து பேசறேன். இங்க பீச்ச ஒட்டி இந்த பேர் ரிசார்ட்ல கல்யாணம், திறந்த வெளில டீஜே ஓடிக்கிட்டு இருக்கு, இப்ப மணி பத்து இருபது, இன்னும் நிறுத்தல."

"சத்தம் அதிகமா இருக்கா?"

"சத்தத்த அளக்க வேணாம் சார், பத்து மணிக்கு மேல திறந்த வெளில ஸ்பீக்கரே வைக்கக் கூடாதுல்ல. ரோந்து வண்டிய அனுப்பி நிறுத்தச் சொல்லுங்க. கம்ப்ளைன்ட் நம்பர் குடுங்க சார், எழுதிக்கறேன்."

அவ்ளோதான். இடம், நேரம், திறந்த வெளி, ஸ்பீக்கர், இந்த நாலும் வந்துடணும். "தூங்க முடியல, தலவலிக்குது, தினமும் இதே தொல்லை"ன்னு நீளமா பொலம்புனா அவங்களுக்கு எழுதிக்க ஒண்ணும் இருக்காது. ரிசார்ட் ரோட்டுக்கு கடல் பக்கமா உள்பக்கமா, எந்த கோயிலுக்கோ பஸ் ஸ்டாப்புக்கோ பக்கம்னு ஒரு அடையாளம் சேத்து சொல்லுங்க. லேண்ட்லைன் இல்லாம செல்போன்ல பண்ணா ரோந்து வண்டிலேர்ந்து பெரும்பாலும் உங்களுக்கே திரும்பக் கூப்புடுவாங்க, அத எடுங்க, அறிமுகம் இல்லாத நம்பர்னு விட்டுடாதீங்க, நெறைய கம்ப்ளைன்ட் அங்கதான் செத்துப் போகுது.

பேர் சொல்லணுமான்னு பயப்படறவங்க இருக்காங்க, நியாயமான பயம்தான், ஏன்னா சில சமயம் ரோந்துல வர்றவங்க ரிசார்ட் வாசல்லயே நின்னு "பக்கத்து வீட்டுக்காரர் கம்ப்ளைன்ட் பண்ணிருக்காரு"ன்னு சொல்லிடறாங்க. இத பண்ணவே கூடாது. என் பேர வெளில சொல்லாதீங்க, வீட்டுக்கும் வண்டிய கொண்டுவந்து நிறுத்தாதீங்கன்னு போன்லயே கேளுங்க. பாம்பே ஹைகோர்ட் 2025 ஜனவரில ஒலிபெருக்கி வழக்கு ஒண்ணுல, கம்ப்ளைன்ட் பண்றவங்க யாருன்னு தேடாம நடவடிக்கை எடுங்க, அவங்க அடையாளத்த வெளியிடாதீங்கன்னு மகாராஷ்டிரா போலீஸுக்கு சொல்லிருக்கு. நம்ம ஊருக்கு அது நேரடி உத்தரவு ஆகாது, ஆனா மனுல குறிப்பிட்டுக் கேக்கலாம், கேக்கறதுல தப்பில்ல.

வண்டி வந்ததும் என்ன நடக்கும்

பெரும்பாலும் ஒரு எஸ்எஸ்ஐயோ (சிறப்பு எஸ்ஐ) ஏட்டோ ஒரு ரெண்டு பேர் வருவாங்க. அவங்க நெலமையையும் கொஞ்சம் நெனைச்சுப் பாக்கணும். சனிக்கெழம ராத்திரி ஈசிஆர்ல டிரங்கன் டிரைவ் செக்கிங், ஆக்சிடென்ட், பைக் ரேஸ் எல்லாத்துக்கும் அதே வண்டிதான் ஓடணும். கல்யாண வீட்டுல போயி பொண்ணோட அப்பா கைகூப்பி நிக்கும்போது கரண்ட்ட நிறுத்தச் சொல்றதுக்கு யாருக்கும் மனசு வராது, கூட நாலு பேர் போன நீட்டி "பேசுங்க சார், லைன்ல இருக்காரு"ன்னு பெரிய எடத்துப் பேர சொல்லுவாங்க. அதனால மொதல் தடவ வந்தா நடக்கறது ஒரே ஒரு விஷயம், சத்தத்த கொறைங்கன்னு வாயால சொல்லிட்டுப் போவாங்க. வண்டி திரும்புன கால் மணி நேரத்துல மறுபடி ஏத்துவாங்க, இது எல்லா பீச் ஊர்க்காரங்களுக்கும் தெரிஞ்ச கத.

நீங்க கவனமா இருக்க வேண்டிய எடம் இதுதான். பத்து மணிக்கு மேல கொறைக்கறதுன்னு ஒண்ணு விதில கெடையாது, நிறுத்தறதுதான் இருக்கு. ரோந்துக்காரர் போன்ல "கொறைக்கச் சொல்லிட்டேன் சார்"னு சொன்னா மரியாதையா, "நன்றி சார், ஆனா விதி நிறுத்தச் சொல்லுது, ஸ்பீக்கர ஆஃப் பண்ண வச்சுட்டு, அந்த மேனேஜர் பேரையும் மைக் செட்காரர் பேரையும் எழுதிக்கிட்டுப் போங்க"ன்னு கேளுங்க. பேர் எழுதுனாலே பாதி பேர் அடங்கிடுவாங்க, ஏன்னா செட்டு வாடகைக்குக் குடுத்தவருக்கு அடுத்த நாள் வேற ஊர்ல ஆர்டர் இருக்கும், பொருள் மாட்டுனா அவர் பொழப்பு போச்சு.

மறுபடி சத்தம் வந்தா மறுபடி போன். இந்தத் தடவ "பத்தரைக்கு வண்டி வந்துட்டுப் போச்சு, இந்த நம்பர் கம்ப்ளைன்ட், இப்ப மறுபடி போடறாங்க"ன்னு ஆரம்பிங்க, கூடவே நைட் டியூட்டி இன்ஸ்பெக்டருக்கு ஒரு மெசேஜ், வீடியோவோட. ஒரே வீட்டுலேர்ந்து பத்து போன் போறத விட வேற வேற வீட்டுலேர்ந்து நாலு போன் போனா பலன் ஜாஸ்தி, அதுக்குத்தான் முன்னாடியே ஊர்க்காரங்க கூடிப் பேசி வைக்கணும்னு சொன்னேன்.

ரெண்டாவது தடவ வர்றப்ப போலீஸ் கையில என்ன இருக்குன்னா, விதி 8 படி அதிகாரம் உள்ள அதிகாரி, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோட ரிப்போர்ட்ட வச்சு, இசையையோ சத்தத்தையோ நிறுத்தச் சொல்லி எழுத்துல உத்தரவு போடலாம். பொதுத் தொல்லைன்னு பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றச் சட்டத்துல 292வது பிரிவுல கேஸ் போடலாம், அபராதம் 1000 ரூபா வரைக்கும். 1000 ரூபாயான்னு சிரிக்காதீங்க, நிறுத்துன்னு அதிகாரி சொன்ன பிறகும் தொடர்ந்தா 293, அதுல ஆறு மாசம் வரைக்கும் சாதாரண சிறை இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். வந்த போலீஸ்காரர தள்ளுனா, கைய வச்சா அது வேற பிரிவு, கல்யாணத்தன்னைக்கு யாரும் ஆசப்படற விஷயம் கெடையாது. சுற்றுச்சூழல் சட்டத்துக்குக் கீழ முன்ன ஜெயில் இருந்துச்சு, 2024 ஏப்ரல்லேர்ந்து அத மாத்தி 10,000 ரூபாலேர்ந்து 15 லட்சம் வரைக்கும் பண அபராதமா ஆக்கிட்டாங்க, அத விதிக்கறது தனி அதிகாரி, ஸ்டேஷன்ல முடியற வேல இல்ல.

ஸ்பீக்கர எடுத்துட்டுப் போற விஷயம்: 2005 ஜூலை 18ல சுப்ரீம் கோர்ட், ஒலி மாசு வழக்குல, தலைமை நீதிபதி லஹோட்டி இருந்த அமர்வு, அளவு மீறுற ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபயர பறிமுதல் பண்ண மாநிலங்கள் ஏற்பாடு செய்யணும்னு சொல்லிச்சு. அமைதியா வாழறது வாழ்வுரிமையோட சேந்ததுன்னும் அதுல தெளிவா இருக்கு. இதுக்கு முன்னாடி 2000ல வந்த தீர்ப்பு நம்ம சென்னைலேர்ந்து போன வழக்குதான், கே.கே.ஆர் மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம் ஒரு சபையோட மைக் சத்தத்துக்காக தொடுத்தது, அடுத்தவங்க நிம்மதிய கெடுத்து பிரார்த்தனை பண்ண உரிம இல்லன்னு அதுல முடிவாச்சு. பிரார்த்தனைக்கே அப்படின்னா டீஜேக்கு என்ன சலுகன்னு நீங்க கேக்கலாம்.

"அரசு நள்ளிரவு வரைக்கும் அனுமதி தரலாம்னு விதி இருக்கே"ன்னு ரிசார்ட் தரப்புல ஒரு வாதம் வரும். இருக்கு, வருஷத்துக்கு மொத்தமா 15 நாளுக்கு மேல போகாம, பண்பாட்டு விழா மத விழாவுக்காக, மாநில அரசு பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் தளர்த்தலாம். ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்டேஷன்ல வாங்கிக்கற சலுக கெடையாது அது. அனுமதிக் கடுதாசி இருக்குன்னு சொன்னா அதுல எத்தன மணி வரைக்கும்னு போட்டிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க.

வெடியும் அப்படித்தான், பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் சத்தம் போடற பட்டாசு கூடாதுன்னு விதி 5ஏல இருக்கு, மாப்பிள்ளை அழைப்பா இருந்தாலும்.

ஆமை சீசன்

இத தனியா சொல்லணும்னு தோணுது. தை மாசி முகூர்த்தமும் ஆமை கரையேறி முட்ட போடற காலமும் ஒண்ணா வருது, ஜனவரிலேர்ந்து மார்ச் வரைக்கும் சென்னைக் கரைல ஆலிவ் ரிட்லிங்கற கடலாமை வரும், அப்பறம் குஞ்சு பொரிக்கும். குஞ்சு வெளிச்சத்த பாத்துத்தான் கடல் எதுன்னு தெரிஞ்சுக்கும், லேசர் லைட்டும் பீம் லைட்டும் மணல்ல அடிச்சா ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போயிடும். கூட்டமும் ஸ்டேஜும் இருந்தா தாய் ஆமை முட்ட போடாமயே திரும்பிடும். இதுக்கு போலீஸோட வனத்துறைக்கும் சொல்லணும், ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு. மணல்ல ஸ்டேஜ் போட்டு ஜெனரேட்டர எறக்கியிருந்தா அது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள்ளயும் வரும், கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு காப்பி. கரை யாருக்கும் பட்டா கெடையாது.

மறுநாள் காலைல

ராத்திரி முடிஞ்சதோட விட்டா அடுத்த முகூர்த்தத்துக்கு இதேதான். காலைல பத்து மணிக்கு ஸ்டேஷன் போயி ஒரு பக்க மனு: தேதி, எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும், கம்ப்ளைன்ட் நம்பர், வண்டி எப்ப வந்துச்சு, வந்த பிறகு என்ன நடந்துச்சு. கோவத்த எழுதாதீங்க, நேரத்த எழுதுங்க. ரைட்டர் "ரிசார்ட்காரங்கள கூப்ட்டு பேசறோம்"னு சொல்லுவாரு, பேசட்டும், ஆனா ரசீது வாங்கிட்டு வாங்க.

தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி, அந்த தேதிக்கு அந்த இடத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி குடுத்தீங்களா, குடுத்திருந்தா நகல் வேணும்னு ஒரு மனு போடுங்க. 30 நாள்ல பதில் வரணும். அனுமதியே இல்லன்னு பதில் வந்தா அந்த ஒத்த காயிதம் ஆயிரம் போனுக்கு சமம், அத வச்சு அடுத்த மனு எஸ்பிக்கோ கமிஷனருக்கோ போகும், 1100ல முதல்வர் உதவி மையத்துலயும் பதியலாம். தொடர்ந்து அதே இடம்னா வருவாய் கோட்டாட்சியர்கிட்ட, பிஎன்எஸ்எஸ்ங்கற குற்ற நடைமுறைச் சட்டத்துல 152வது பிரிவுல, தொல்லைய நீக்கக் கேட்டு மனு போடலாம், முன்னாடி சிஆர்பிசி 133ன்னு இருந்தது இதுதான். அதுக்கும் மேல பசுமைத் தீர்ப்பாயம், தென்மண்டல அமர்வு சென்னைலயே இருக்கு, ஹைகோர்ட்ல ரிட். இவ்ளோ தூரம் போக வேண்டி வர்றது அபூர்வம், ஊர்க்காரங்க சேந்து கையெழுத்து போட்ட மனுவும் அனுமதி இல்லங்கற பதிலும் இருந்தா ரிசார்ட் நிர்வாகமே இறங்கி வந்து பேசும். பேசும்போது ஒரு விஷயத்த எழுதி வாங்குங்க: பத்துக்கு ஸ்பீக்கர் ஆஃப், ராத்திரி கூப்ட்டா எடுக்கற ஒரு ஆளோட நம்பர்.

கல்யாணம் வைக்கறவங்களுக்கு

உங்க வீட்டு நல்ல நாள் அன்னைக்கு போலீஸ் வண்டி வாசல்ல நிக்கறத யாரும் விரும்பல, கம்ப்ளைன்ட் பண்றவங்களும் விரும்பல. அத தடுக்கறது உங்க கையிலதான் இருக்கு.

ரிசார்ட் புக் பண்ணும்போதே "மியூசிக் எத்தன மணி வரைக்கும்"னு கேப்பீங்க, "நாங்க பாத்துக்கறோம் சார், போலீஸ் எல்லாம் நம்ம ஆளுங்கதான்"னு சேல்ஸ்ல சொல்லுவாங்க. அந்த வார்த்தைய நம்பி நிகழ்ச்சிய பதினோரு மணி வரைக்கும் வைக்காதீங்க. மைக் அனுமதி யார் வாங்கறது, யார் பேர்ல, அத எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, வாங்குன கடுதாசிய நீங்க ஒரு ஜெராக்ஸ் வச்சுக்கங்க. முகூர்த்த சீசன்ல கடைசி நேரத்துல ஓடாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே மனு குடுத்துடுங்க.

நேரத்த திருப்பிப் போடுங்க. நம்மூர் ரிசப்ஷன்ல ஏழு மணிக்குன்னு பத்திரிகைல போட்டு பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வர்றதுக்கே எட்டரை ஆகுது, போட்டோ லைன் முடிய பத்து, அப்பறம்தான் டீஜேன்னா எங்க போறது. பீச் கல்யாணம்னா சாயங்காலம் அஞ்சரைக்கே ஆட்டம் பாட்டத்த ஆரம்பிங்க, வெளிச்சமும் நல்லா இருக்கும், ஒம்போதே முக்காலுக்கு கடைசி பாட்டுன்னு டீஜேகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பத்து மணிக்கு ஜெனரேட்டர்காரர் சவுண்ட் லைன நிறுத்தணும்னு ஒருத்தர் பொறுப்புல விடுங்க, அதுவும் ஆடாத ஆளா பாத்து, ஒரு சித்தப்பா மாமா மாதிரி. அதுக்கு மேலயும் ஆடணும்னா கதவு மூடுற ஹால் உள்ள போங்க, இல்ல எல்லாருக்கும் ஒயர்லெஸ் ஹெட்போன் குடுத்து ஆடற ஏற்பாடு இப்ப வாடகைக்கு கெடைக்குது, அது பீச்சுக்கு ரொம்ப பொருத்தம்.

ஸ்பீக்கர கடல் பாத்து திருப்பி வைக்கச் சொல்லுங்க, ரெண்டு பெரிய பாக்ஸுக்குப் பதிலா ஆடற எடத்த சுத்தி சின்ன பாக்ஸ் நாலஞ்சு தாழ்வா வச்சா உள்ள நல்லா கேக்கும் வெளில கம்மியா போகும். பேஸ் பாக்ஸ மணல்ல வைக்கறதும் மேடைல ஏத்தி வைக்கறதும் டீஜே முடிவு பண்ற விஷயம்னு விடாதீங்க, பக்கத்துல வீடு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டி பேசுங்க. முந்தின நாள் குப்பத்து தலைவர பாத்து, பக்கத்து வீடுகளுக்கும் போயி, ஒரு பை தாம்பூலத்தோட "நாளைக்கு பத்து மணிக்கு முடிச்சுடுவோம், ஏதாவதுன்னா இந்த நம்பர்ல கூப்புடுங்க"ன்னு சொல்லிட்டு வாங்க. இவ்ளோ செஞ்ச வீட்டு மேல யாரும் 100க்குப் போன் பண்ண மாட்டாங்க.

போலீஸ் வந்துட்டா மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ முன்னாடி விடாதீங்க. பெரியவங்க ஒருத்தரும் ரிசார்ட் மேனேஜரும் மட்டும் போயி பேசணும், போறதுக்கு முன்னாடியே சவுண்ட்ட நிறுத்திட்டுப் போங்க, நிறுத்துன பிறகு பேசறதும் ஓடிக்கிட்டு இருக்கும்போது பேசறதும் வேற. யாருக்கும் போன் போட்டு குடுக்காதீங்க, மொபைல்ல வீடியோ எடுத்து கத்தாதீங்க, அனுமதிக் கடுதாசிய காட்டுங்க, சரின்னு சொல்லுங்க. அதோட அவங்க போயிடுவாங்க, சாப்பாட்ட தொடருங்க.

இன்னொண்ணு, இத ரொம்ப பேர் யோசிக்கறதே இல்ல: முகூர்த்தம் நாலரை ஆறுன்னு வச்சா அதுவும் ராத்திரிக் கணக்குலதான் வருது. ஆறு மணிக்கு முன்னாடி திறந்த வெளில வாத்தியம்னா விதில நாதஸ்வரம் தவிலும் அடக்கம். தாலி கட்டற நேரத்துல ஒரு அஞ்சு நிமிஷ கெட்டிமேளத்துக்கு ஊர்ல யாரும் கோவப்பட்டு நான் பாத்ததில்ல, எழுந்திரிச்சு உக்காந்து கேப்பாங்க, ஆனா அதுக்காக நாலு மணிலேர்ந்து மைக்க போட்டு பக்திப் பாட்டும் சவுண்ட் டெஸ்டிங்கும் ஓட விடாதீங்க. மண்டபத்துக்குள்ள வச்சுக்கங்க, இல்ல ஆறுக்கு மேல இருக்கற முகூர்த்தமா ஜோசியர்கிட்ட கேட்டு வாங்குங்க, மைக் இல்லாத மேளம் போதும்னு வித்வான்கள்கிட்டயும் முதல்லயே சொல்லிடுங்க.